கால் நீண்ட எழுத்துகள்

தலையில் நரையை எண்ண ஆரம்பித்து, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்ட என் வயதுக்காரர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருப்பூரில் வளர்ந்த நாம், பள்ளிச் சீருடையைத் தவிர எதையும் கடையில் வாங்கி உடுத்தியதில்லை. தையல் கோணியது, ஓட்டை விழுந்தது, அச்சு நகர்ந்தது என்று கம்பெனிகள் கழித்துப் போட்ட பனியன்கள்தான் நம் உடை. எங்கள் தெருப் பால்காரர், வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும் பனியனைப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் பால் ஊற்றினார். அவருக்கும் தெரியாது, பால் வாங்கிய எங்களுக்கும் தெரியாது.

அந்த எழுத்துகளை நாம் படித்ததே இல்லை. பூப்போட்ட துணியில் பூவைப் பார்ப்பது போல எழுத்தைப் பார்த்தோம். அப்படிப் பார்த்த ஓர் எழுத்து வகையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் அத்தை அதை முதலில் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

நாங்கள் தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஒரு நெசவுக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய ஐந்து அறைகளில் கடைசி அறை எங்களுடையது. அப்பா பனியன்களில் படமும் எழுத்தும் அச்சடிக்கும் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்தார். அவர் வேட்டியை அவிழ்த்துத் துவைக்கப் போட்டாலும் அறையில் மண்ணெண்ணெயும் சாயமும் கலந்த வாசம் போகாது. அப்பாவின் தங்கைதான் அத்தை. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் பிலிமைத் திருத்தும் வேலை பார்த்தவள். அச்சுக்குப் போகும் முன் பிலிமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அச்சில் அது புள்ளியாக விழும். அந்த ஓட்டைகளைக் கறுப்பு மையும் மெல்லிய பிரஷும் வைத்து அடைப்பது அவள் தொழில். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் விட்டதும், ஊரில் இருக்கப் பிடிக்காமல் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தாள். அப்பா தன் யூனிட்டின் டிசைன் ரூமில் அதே வேலைக்குச் சேர்த்துவிட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அவள் சேர்ந்த இரண்டாம் வாரம், கழித்துப் போட்ட பனியன் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். வெண்ணெய் நிறத் துணி, கரும்பச்சை எழுத்து. ஆங்கிலத்தில் ‘சண்டே கார்டன்’ என்று இருந்தது.

“ஏட்டி, இதப் பாரேன். எழுத்தா இது?” என்றாள்.

எழுத்துகள் கூழாங்கல் போல உருண்டு தடித்திருந்தன. ஒவ்வோர் எழுத்தின் கடைசிக் காலும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, கொடியாக வளைந்து, மூன்று இலையும் ஒரு மொட்டுமாக முடிந்தது. எந்த இரண்டு கொடியும் ஒரே மாதிரி வளையவில்லை. ஆனால் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று பார்த்ததும் தெரியும். அத்தை விரலால் ஒரு கொடியைத் தடவி, காற்றிலேயே அதைத் திரும்ப வரைந்தாள். வெளிநாட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை நிதானமாக யோசித்திருக்கிறார் என்றாள். அந்த ஆள் ஆணா பெண்ணா என்று நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அதே வாரம் யூனிட்டில் ஒரு சிக்கல். அந்தப் பனியனுக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த ஆர்டரில் அதே எழுத்தில் ‘பிக்னிக்’ என்று கேட்டார்கள். அனுப்பிய சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால், அந்த எழுத்து தன்னிடம் இல்லை என்று அது கொடியில்லாத மொட்டை எழுத்தைக் காட்டியது. முந்தைய படத்தில் இருந்த எழுத்துகளில் ‘என்’ ஒன்றுதான் புது வார்த்தைக்கு உதவும். ‘பி’, ‘ஐ’, ‘சி’ மூன்றும் எங்கும் இல்லை. அன்று சாயங்காலக் கூரியரில் மாதிரி போயாக வேண்டும். சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “ஃபான்ட் இல்லைங்க சார், ஃபான்ட் அனுப்புங்க சார்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாராம். அவர் போனை வைத்தபோது அத்தை ஒரு பிலிமை நீட்டினாள். அதில் மூன்று எழுத்தும் இருந்தன.

அப்பா வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் குரலில் பெருமையைவிடப் பயம்தான் அதிகம். “வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சாம்னா மொத்த ஆர்டரும் போகும். இவ கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாளா?”

யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாதிரி ஓகே ஆகி வந்தது. ஐ எழுத்துக்கு ஒரே கால்தானே, அதில் கொடியை எப்படி விடுவது என்று யோசித்து, அத்தை அதன் மொட்டைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தாள். வெளிநாட்டில் எத்தனையோ பிள்ளைகள் அந்த மொட்டுப் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு விளையாடப் போயிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பழைய நாள்காட்டியின் பின்பக்கங்களில் தமிழ் எழுத்துகளை அதே பாணியில் வரைந்து பார்க்க ஆரம்பித்தாள். அகரம் அவளுக்கு உடனே வசப்பட்டது. ழகரம் ஏற்கெனவே கொடி மாதிரி இருப்பதால் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. புள்ளிகளை எல்லாம் சின்னப் பூவாக்கினாள். ப, ய, வ போல நேர்க்கால் உள்ள எழுத்துகளில் அந்தக் காலைக் கீழே இழுத்து, வளைத்து, மொட்டு வைத்தாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

செப்டம்பரில் எங்கள் கோயிலில் மாதா திருவிழா. வாசலில் கட்டும் துணி பேனரை ஒவ்வொரு வருஷமும் பெயிண்டர் ஒருவர் எழுதுவார். அந்த வருஷம் அவர் ஊருக்குப் போய்விட்டதால், நான் செய்கிறேன் என்று அத்தை முன்வந்தாள். காடாத் துணி எங்கள் வீட்டுக்காரம்மா கொடுத்தது. அவர் தம்பிக்குச் சாமளாபுரத்தில் தறி இருந்தது. “கோயிலுக்குத்தானுங்களே, எந்தச் சாமியா இருந்தா என்ன, எடுத்துக்கங்க அம்மிணி” என்று ஒரு முழு மடிப்பைத் தந்தார். அப்பா இந்த வேலைக்குச் சம்மதித்ததற்கு வேறு காரணம் இருந்தது. திருவிழா அன்று மூன்றாவது இடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பேனர் எழுதியது இவள்தான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார்.

இங்கே நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதுவரை அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அத்தை எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். பேனரை அச்சடிக்கும் ஸ்கிரீன் சட்டத்தில் ஒரு மூலை மிஞ்சும், அதில் என் பெயரையும் அதே எழுத்தில் போட்டு ஒரு பனியனில் அச்சடித்துத் தருவதாக. ஊரே அர்த்தம் தெரியாத வார்த்தைகளை மாட்டிக்கொண்டு திரிந்தபோது, என் பெயரை நானே போட்டுக்கொள்ளப் போகிறேன் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். பிலிம் தயாரான அன்று மாலை அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் எப்போதும் பிலிமின் மறுபக்கத்தைத்தான் பார்ப்பாள். மை வைக்கும் பக்கம் அதுதான். அவள் பக்கத்தில் எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு நேராகத் தெரிந்தன.

வாய்க்குள் படித்தேன். மேல் வரியில் ‘சிறப்புத் திருப்பலி’ என்று இருக்க வேண்டும். ‘திருப்புலி’ என்று இருந்தது. அடுத்த வரியில் ‘தேர்ப்பவனி’, ‘தேர்ப்புவுனி’ ஆகியிருந்தது. ‘அனைவரும் வருக’ என்பது ‘அனைவுரும் வுருக’.

ஆங்கில எழுத்துக்குக் கால் நீண்டால் அழகு. நம் எழுத்துக்குக் கால் நீண்டால் அது வேறு எழுத்து. ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான். அத்தைக்குத் தெரியாததா? ஆனால் பத்து வருஷமாக எழுத்தைத் திருப்பிப் போட்டு ஓட்டை தேடியே பழகிய கண் அவளுடையது. அவள் எழுத்தைப் பார்ப்பாள், வாசிக்க மாட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் முழுவதையும் அழித்துத் திரும்ப வரைய வேண்டும், திருவிழாவுக்குள் என் பனியன் வராது என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன். பெரியவர்கள் யாராவது பார்த்துச் சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அப்பா அச்சடிக்கும்போது சாயம் வழிகிறதா என்று பார்த்தார். சூப்பர்வைசர், “சூப்பரா இருக்குதுங்க” என்றார். எல்லோரும் பூவைத்தான் பார்த்தார்கள்.

திருவிழாக் காலையில் பேனர் கோயில் வாசலில் ஏறியது. நீலத்தில் எழுத்து, மஞ்சளில் மொட்டு. முதல் அரைமணி நேரம் எல்லோரும் நின்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பிறகு மூன்றாம் வகுப்புப் பையன்கள் சிலர் வந்தார்கள். அவர்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். கூட்டிப் படித்தார்கள். “தி-ரு-ப்-பு-லி.” ஒருவன் உறுமிக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் வாசலெல்லாம் புலி.

திருவிழாக் கமிட்டித் தலைவர் தெற்கே எங்கள் பக்கத்து ஊர்க்காரர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

“என்னவே இது? திருப்புலியா? கோயிலக் கேலி பண்ணவா எழுதச் சொன்னோம்?” என்று அப்பாவிடம் கத்தினார். “படிச்சவன் ஒருத்தன்கூட உம்ம வீட்ல இல்லையா?”

அப்பா அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார் என்று தெரிந்தது. பங்குச் சாமியார் வந்து, “சரி சரி, இறக்கிடுங்க, பூசைக்கு நேரமாச்சு” என்றார். அவர் மீசைக்குள் சிரித்தாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். அத்தை புதுச் சேலையில், தலையில் பிச்சிப்பூவோடு, பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். பேனரை இறக்கிச் சுருட்டும்வரை அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

என் பெயர்ப் பனியனை நான் அன்று கவுனுக்கு உள்ளே போட்டிருந்தேன். என் பெயரிலும் ஒரு நேர்க்கால் எழுத்து உண்டு. அதுவும் கீழே நீண்டு, என் பெயரை வேறு யாரோ ஒருத்தியின் பெயராக்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் திணித்தேன்.

“போதும்” என்றார் அப்பா சாயங்காலம். “நாளையிலேர்ந்து நீ பேக்கிங் செக்ஷனுக்குப் போ. இந்தப் படம் வரையுத வேலையே வேண்டாம். மூணாவது இடமும் இதனாலதான் போகப்போகுது.”

“சரிண்ணே” என்றாள் அத்தை. அவ்வளவுதான். நாள்காட்டித் தாள்களை எல்லாம் அடுக்கி, பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

அந்த மாப்பிள்ளைக்கு அந்தத் திருவிழாவுக்கு முன்பே வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள் என்பதும், மரியாதைக்காக வந்து போனார்கள் என்பதும் எங்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அப்பா எழுத்தின் மேல்தான் பழியைப் போட்டிருந்தார். அந்தப் பழியில் பாதி என்னுடையது என்று எனக்குத் தெரியும். பதினைந்து நாள் தாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அத்தையிடம் போய், பிலிமைப் பிடித்த அன்றே படித்துவிட்டேன் என்றும், பனியனுக்கு ஆசைப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

அத்தை கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

“நீ என்கிட்டச் சொல்லியிருக்கணும்டி” என்றாள். பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் இந்த வயதில் அதை நான் மறந்திருப்பேன்.

மார்கழியில் வீட்டுக்காரம்மா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். அவர்கள் குடும்பம் தலைமுறையாகப் பழனிக்கு நடந்து போகிற குடும்பம். தைப்பூசத்துக்கு அவர்கள் தெருவிலிருந்து அறுபது பேர் போவார்கள். அந்த வருஷம் எல்லோரும் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு போவதாக ஏற்பாடு.

“ஏனுங் தம்பி, பனியன் முதுகுல நம்ம பாதயாத்திரைக் குழு பேரு அடிச்சுக் குடுக்கோணும். நம்ம அம்மிணி எழுதுச்சே, அந்தப் பூவெழுத்து, அதுலயே போட்டுக் குடுங்க” என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையைச் சொறிந்தார். “அது வேண்டாங்கம்மா. அன்னைக்குக் கோயில்ல ஆனது உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியாம என்னுங்க, ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாங்க. அதுல என்ன தப்புங்கறேன்? எங்க சாமிக்கு மயிலு இருக்குது. உங்க சாமிக்குப் புலி இருந்துட்டுப் போகட்டுமே!” என்றவர், உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன கண்ணு, எழுதித் தருவீல்ல?” என்றார்.

அன்று அத்தையின் பெட்டிக்கு அடியில் இருந்த தாள்கள் வெளியே வந்தன.

இந்த முறை அவள் எழுத்தை வாசித்தாள். கொடியை எங்கே விடுவது? கீழே விட்டால் உகரம். மேலே விட்டால் இகரம். வலப்பக்கம் விட்டால் துணைக்கால், இடப்பக்கம் விட்டால் கொம்பு. “நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்காவட்டி, ஒரு இண்டு இடுக்கு விடல” என்று அலுத்துக்கொண்டாள். அவள் என்னோடு பழையபடி பேசியது அதுதான் முதல். மூன்று நாள் கழித்து ஒரு பகரத்தைக் காட்டினாள். கால் நீளவில்லை. எழுத்தின் உடம்பையே நன்றாகத் தடிக்க வைத்து, கொடியை அதற்கு உள்ளே வெள்ளையாக ஓட விட்டிருந்தாள். மையின் நடுவே ஒரு வாய்க்கால் போல அது வளைந்து போய், எழுத்து முடியும் இடத்தில் ஒரு மொட்டாக நின்றது.

பிறகு முழுப் பெயரும் எழுதிய தாளை நீட்டி, “வாசி” என்றாள்.

“பா” என்றேன். “அடுத்தது த. அடுத்தது யா.”

“யா தானே? யு இல்லையே?”

“யா தான்.”

முழுப் பெயரையும் நான்கு தடவை வாசிக்கச் சொன்னாள். அம்மாவை வாசிக்கச் சொன்னாள். பக்கத்து அறையில் புதிதாகக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளையை அழைத்து வந்து வாசிக்கச் சொன்னாள்.

அச்சடிக்கும்போது உள்ளே ஓடும் கொடியைச் சாயம் அடைத்துவிட்டது. இரண்டு முறை முயன்றும் அதே கதை. எழுத்து வெறும் கறுப்புத் திட்டாக விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே யூனிட்டுக்குப் போய், ஸ்கிரீன் சட்டத்தில் கண் நெருக்கமான வேறு மெஷ் துணி கட்டி, ரப்பர் பட்டையை அழுத்தாமல் மெல்ல இழுத்து, ஒன்றை அடித்தார். எடுத்துப் பார்த்தார். கொடி தெளிவாக ஓடியது. அன்று அறுபதையும் அவரே அடித்தார். திங்கட்கிழமை அத்தை பேக்கிங் செக்ஷனுக்குக் கிளம்பியபோது, “டிசைன் ரூம்ல உன் பிரஷ் அப்படியே இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பனியனைப் பார்த்து ஒரு டிடிபி கடைக்காரர் அத்தையைத் தேடி வந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கம்ப்யூட்டரில் வரைந்து ஃபான்ட் ஆக்கினார். காதுகுத்துப் பத்திரிகை, கடைத் திறப்பு, பூப்பு நன்னீராட்டு, ஜட்டிப் பெட்டியின் மேல் அட்டை என்று எங்கள் பக்கம் அந்த எழுத்து போகாத இடம் இல்லை. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் யாரும் அதைப் போடவில்லை. மொட்டுகள் இருந்ததால் இருக்கலாம். அந்த ஃபைலுக்குக் கடைக்காரர் வைத்த பெயர் ‘புலி’. இன்றும் பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஏன் புலி என்று கேட்டால் அங்கே வேலை செய்கிற யாருக்கும் தெரியாது. அத்தை முப்பத்தொன்றாவது வயதில், தானே பார்த்துப் பேசி, கணியூரில் டிராக்டர் மெக்கானிக் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகையை வேறு எழுத்தில் அடிக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, “என் கல்யாணத்தன்னைக்கும் நான் பிழை பார்த்துக்கிட்டு இருக்கவா?” என்றாள்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அந்தத் தை மாதத்துக் காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நடைப்பயணம் கிளம்பும் நாள். வீட்டுக்காரம்மா வீட்டு முன்னால் அறுபது பேர், பச்சைப் பனியனில், தோளில் பையும் காவடியுமாக நின்றார்கள். சாம்பிராணிப் புகை. இரண்டு மேளம். நாங்கள் எங்கள் பக்கம் சுவரோரமாக நின்றோம். அத்தை கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். ஆட்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து நின்றதால் முதுகில் இருந்த எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. அச்சடித்த பிறகு அவள் அதைப் பார்த்திருக்கவில்லை. பேக்கிங்கில் வேறு ஆர்டர் ஓடியதால் பனியன்கள் நேராக இங்கே வந்துவிட்டன. போய்ப் பின்னால் நின்று பார்க்க அவளுக்குக் கூச்சம்.

வீட்டுக்காரம்மா அதைக் கவனித்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்து, “ஏனுங், எல்லாரும் இங்க பாருங்க. நம்ம முதுகுல இருக்கறத எழுதுனது இந்த அம்மிணிதானுங்க. அது இன்னும் பார்க்கவே இல்லீங்களாமா!” என்றார்.

“அப்படீங்களா?” என்றார் முன்வரிசையில் நின்ற பெரியவர். கையைக் கூப்பி அத்தைக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு திரும்பி நின்றார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். மேளக்காரர்கள் திரும்பினார்கள். காவடி வைத்திருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் மெதுவாகச் சுற்றித் திரும்பினார்கள். சற்று நேரத்தில் அறுபது முதுகும் எங்கள் முன்னால் வரிசையாக, அசையாமல் நின்றன.

அத்தை சுவரை விட்டு முன்னால் வந்தாள். முதல் முதுகில் தொடங்கி, உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக்கொண்டு போனாள். அவள் கடைசி ஆள்வரை போய் முடிக்கும்வரை ஒருவரும் திரும்பவில்லை.